ஒரே பிரவுசரை நம்பிக் கடை போடாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் பலகாரக் கடைகளுக்கும் ஆத்தங்குடிக் கல் பட்டறைகளுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பது என் தொழில். வேலை கொடுப்பவர்கள் குரோமில் மட்டும் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு தம்பி, ஏத்திருங்க" என்பார்கள். ஏற்றுவதற்கு முன் நான் பார்ப்பவை இவை.

கானாடுகாத்தானில் பலகாரம் போடும் ஆச்சி ஒருவருக்கு மைக் பட்டன் மேல் ஆசை. "தேன்குழல் ரெண்டு கிலோன்னு பேசுனா ஆர்டர் விழணுமப்பா" என்றார். குரோமில் அது நடக்கும். பயர்பாக்ஸில் பேச்சை எழுத்தாக்கும் அந்த வசதி இயல்பாகக் கிடையாது. அழுத்தினால் சும்மா இருக்கும். கண் தெரிந்தவர் கீழே இருக்கும் போன் நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டுவிடுவார். பார்வையில்லாதவருக்கு, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் "பட்டன்" என்று சொல்கிறது, அவர் அழுத்துகிறார், பதிலே இல்லை. கோளாறு தன் போனிலா கடையிலா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அதனால் முதலில் சாதாரணப் படிவத்தைச் செய்யுங்கள். பலகாரம், எடை, முகவரி என்று ஒவ்வொரு பெட்டிக்கும் லேபிள் வேண்டும். பெட்டிக்குள் மங்கலாக எழுதி வைப்பது லேபிள் ஆகாது. தட்டச்சு செய்யத் தொடங்கியதும் மறைந்துவிடும். படிவம் ஓடிய பிறகு, ஸ்கிரிப்ட் மூலம் பிரவுசரில் பேச்சு வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் மட்டும் பட்டனை உருவாக்குங்கள். குரோமிலும் பேச்சு பொதுவாக கூகுள் சர்வருக்குப் போய்த்தான் எழுத்தாகித் திரும்பும். நெட் தடுமாறினால் மைக்கும் தடுமாறும். அதைச் சொல்ல ஒரு வரி எழுதி வையுங்கள்.

"நீ குரோமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊர் ஐபோனில் குரோம் என்று பெயர் இருந்தாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் பிரவுசரான சஃபாரியின் எஞ்சின், வெப்கிட். பெயரை வைத்து முடிவெடுத்தால் ஏமாறுவீர்கள்.

அக்சஸ்கீ, அதாவது பட்டனுக்கோ இணைப்புக்கோ நாம் வைக்கும் குறுக்கு விசை, வேண்டாம் என்பது என் கட்சி. விண்டோஸ் குரோமில் ஆல்ட்டும் எழுத்தும், பயர்பாக்ஸில் கூடவே ஷிஃப்ட்டும், மேக்கில் கண்ட்ரோலும் ஆப்ஷனும். இதில் எதைப் பக்கத்தில் எழுதி வைப்பீர்கள்? விலையை மவுஸ் வைத்தால் தெரியும் குறிப்பில் ஒளிக்கவும் வேண்டாம். தொடுதிரையில் அது வராது.

சஃபாரியில் இரண்டு விஷயம். பலகாரப் பட்டியலின் புள்ளிகளை அழகுக்காக எடுத்துவிட்டால், ஆப்பிளின் ஸ்கிரீன் ரீடரான வாய்ஸ்ஓவர் அதைப் பட்டியல் என்றே சொல்லாமல் போகலாம். அந்தப் பட்டியலின் HTML குறியில் 'ரோல்' பண்பில் 'லிஸ்ட்' என்று கொடுத்தால் சரியாகிவிடும். மேக் சஃபாரியில் டேப் விசை இணைப்புகளைத் தாண்டிப் போவது அதன் இயல்பான அமைப்பு. உங்கள் பக்கம் உடைந்துவிட்டதென்று பயந்து டேப் விசை நிற்கும் இடத்தை மாற்றும் டேப்இன்டெக்ஸைக் கண்ட இடத்தில் போடாதீர்கள்.

பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிக்க மறக்கவே கூடாது. இல்லாவிட்டால் ஸ்கிரீன் ரீடரின் ஆங்கிலக் குரல் மணகோலம் என்ற பலகாரப் பெயரைக் கடித்துத் துப்பும்.

சோதிக்கப் பெரிய செலவில்லை. விண்டோஸில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். குரோம், பயர்பாக்ஸ் இரண்டிலும் ஓட்டுங்கள். ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடர் பெரும்பாலும் போனிலேயே இருக்கும். ஐபோனை யாரிடமாவது கடன் வாங்குங்கள். பக்கத்தை 200 சதவீதம் பெரிதாக்கி, மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, அரை கிலோ சீப்புச் சீடைக்கு நீங்களே ஆர்டர் போடுங்கள். எங்கே நிற்கிறதோ அதைத் திருத்தி, அப்புறம் ஏற்றுங்கள்.