சுவிசேஷத்தைக் காதால் வாசிப்பது எப்படி

எங்கள் ஆச்சிக்கு எழுத்து தெரியாது. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் பக்கம் பனங்காட்டுக்குள் ஒரு சின்ன ஊர். சாயங்கால ஜெபத்தில் மாற்கு ஐந்தாம் அதிகாரத்தை வாசிக்கும்போது நான் ஒரு வசனத்தைத் தாண்டிவிட்டால், அடுப்படியிலிருந்து குரல் வரும்: "ஏட்டி, செத்த பிள்ளையை எழுப்பாமலே போறியே?" உபதேசியார் வாசிக்கக் கேட்டுக் கேட்டே அவளுக்குப் பாடம்.

இயேசுவின் கதையைச் சொல்லும் சுவிசேஷங்கள் எழுத்தாவதற்கு முன் வாய்வழியாக வந்தன என்பதை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று புது டீச்சர்கள் கேட்கிறார்கள். சொல்லிப் பயனில்லை, கேட்க வைக்க வேண்டும். ஒரு பழைய மொழிபெயர்ப்பு பைபிளும் பென்சிலும் போதும். ஒருவர் மட்டும் வாசிக்கட்டும், மற்றவர்கள் புத்தகத்தை மூடிவிட வேண்டும். வெளிப்படுத்தின விசேஷம் 1:3-லேயே "வாசிக்கிறவனும், கேட்கிறவர்களும்" என்றுதான் இருக்கிறது. வாசிக்க ஒருவன், கேட்கப் பலர்.

அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில், 1 கொரிந்தியர் 15:3 முதல் 5 வரை, தொடங்குங்கள். பவுல் இதை எழுதியது கி.பி. 50-களின் நடுவில். மாற்கு சுவிசேஷம் 70-ஐ ஒட்டி வந்தது என்பது அறிஞர்கள் பலரின் கணக்கு. அப்படியானால் இந்த வரிகள் சுவிசேஷங்களுக்கும் மூத்தவை. பவுலும் இதைத் தன் சொந்தச் சரக்காகச் சொல்லவில்லை. "நான் அடைந்ததும் உங்களுக்குப் பிரதானமாக ஒப்புவித்ததும்" என்கிறார். நம் மொழிபெயர்ப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த சொல் இந்த ஒப்புவித்தல். கைமாற்றிக் கொடுப்பதும் அதுதான், டீச்சர் முன்னால் கைகட்டி நின்று செய்யுள் சொல்வதும் அதுதான். லூக்கா 1:2-லும் இதே சொல் வருகிறது.

இப்போது விரலை மடக்கச் சொல்லுங்கள்: மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், உயிர்த்தெழுந்தார், தரிசனமானார். நாலு விரல். கிரேக்கத்தில் இந்த நாலுக்கும் முன்னால் தனித்தனியே 'ஹோத்தி' என்று ஒரு சொல் நிற்கிறது. தமிழில் எல்லாம் ஒரே தொடருக்குள் அடங்கிவிட்டதால் கண் அதைப் பிடிக்காது, விரல் பிடித்துவிடும். பேதுரு என்று சொல்லாமல் கேபா என்று அரமாயிக் பெயரையே வைத்திருப்பதையும் காட்டுங்கள்.

அடுத்து மாற்கு 9:48 முதல் 50 வரை. "அக்கினி அவியாமலுமிருக்கும்" என்று ஒரு வசனம் முடிகிறது. அடுத்ததில் அக்கினியினால் உப்பிடப்படுவது, அதற்கடுத்ததில் "உப்பு நல்லதுதான்". பொருளை வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒட்டவே ஒட்டாது, பிரசங்கியார்கள் திணறுவார்கள். காதுக்கு ஒரு சிக்கலும் இல்லை. நம் அந்தாதி மாதிரி ஒரு சொல் அடுத்த சொல்லைக் கையைப் பிடித்து இழுத்து வருகிறது. மனப்பாடத்துக்குப் போட்ட முடிச்சு அது.

பரமண்டல ஜெபத்தை மத்தேயு 6-லும் லூக்கா 11-லும் ஒன்றன்பின் ஒன்றாக வாசியுங்கள். மத்தேயுவில் "கடன்களை" மன்னியும், லூக்காவில் "பாவங்களை" மன்னியும். ஒரு வசனப் போட்டியில் "பாவங்களை" என்று சொன்ன பையனுக்கு நானே இரண்டு மார்க் குறைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து லூக்காவைத் திறந்ததும் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அடுத்த ஞாயிறு மார்க்கைத் திருப்பிக் கொடுத்தேன்.

வீட்டுப்பாடம் ஒன்று: "வாங்குகிறதைப்பார்க்கிலும் கொடுக்கிறதே பாக்கியம்" என்று இயேசு சொன்னதை நாலு சுவிசேஷங்களில் தேடி வரச் சொல்லுங்கள். கிடைக்காது. அது அப்போஸ்தலர் 20:35-ல் பவுல் வாயிலாக மட்டுமே நமக்கு வந்திருக்கிறது.

ஒன்று மட்டும் வேண்டாம். காதோடு காதாக ரகசியம் சொல்லி, கடைசி ஆள் உளறுவதைக் கேட்டுச் சிரிக்கிற விளையாட்டை இதற்கு உதாரணமாகக் காட்டாதீர்கள். வாய்மொழி ரகசியமாகப் போவதில்லை, சபை நடுவில் உரக்கப் போகிறது. கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் வார்த்தையை மாற்றலாம். கதையை மாற்றினால் முன்வரிசைக் கிழவி விடமாட்டாள். அடுப்படியிலிருந்து ஆச்சி செய்ததும் அந்த வேலைதான்.

கடைசியில் யவீருவின் மகள் கதையை, ஆச்சி விடாமல் பிடித்த அதே மாற்கு ஐந்தாம் அதிகாரக் கதையை, பார்க்காமல் பிள்ளைகளையே சொல்லவிடுங்கள். எது தங்குகிறது, எது மாறுகிறது என்று ஓரத்தில் குறியுங்கள். மத்தேயுவில் யவீருவின் பெயரே இல்லை. லூக்காவில் பெயர் உண்டு, "தலீத்தாகூமி" இல்லை. மாற்கு மட்டும் அந்த அரமாயிக் ஒலியை அப்படியே வைத்து, பிறகு "சிறுபெண்ணே, எழுந்திரு" என்று அர்த்தம் சொல்கிறார். என் வகுப்பிலும் யவீரு என்ற பெயரைப் பாதிப்பேர் மறந்துவிட்டார்கள். தலீத்தாகூமியை இதுவரை ஒரு பிள்ளையும் விட்டதில்லை.