ஸ்லைம் மோல்டு படமெடுக்க ஆசையா? அவசரத்தில் செய்யும் தவறுகள்

மழை விட்ட மறுநாள் மக்கிய மரக்கட்டையின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். கடுகை விடச் சிறிய உருண்டைகள் காம்பின் மேல் கூட்டமாக நிற்கலாம். பூஞ்சை போலத் தெரியும், ஆனால் பூஞ்சை இல்லை; அமீபாக்களுக்கு நெருங்கிய சொந்தம். இதுதான் ஸ்லைம் மோல்டு. இதையே தொடர்ந்து படமெடுக்கலாமா என்று யோசிப்பவர்களில் பலர் நேராகப் போய் மேக்ரோ லென்ஸ் (சின்னப் பொருளை மிக அருகில் வைத்துப் பெரிதாக எடுக்க உதவும் கேமரா லென்ஸ்) விலை விசாரிக்கிறார்கள். முதல் தவறு அதுதான்.

முதலில் பத்து மடங்கு பெரிதாக்கும் சின்னக் கைலென்ஸ் ஒன்று போதும். கேமராவை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஒரு கட்டை முன்னால் அரை மணி நேரம் குந்தியிருந்து பாருங்கள். முதுகு வலித்தும் எழுந்து வர மனசில்லை என்றால் லென்ஸைப் பற்றி யோசிக்கலாம். பத்து நிமிடத்தில் சலித்துவிட்டால், எவ்வளவு நல்ல லென்ஸ் வந்தாலும் அந்தச் சலிப்பு போகாது.

அடுத்தது, ஒரே நாளை வைத்து முடிவெடுப்பது. எனக்கு இங்கேதான் சறுக்கியது. ஸ்டெமோனிட்டிஸ் என்ற வகையைக் காலையில் பார்த்தேன்; பால் வெள்ளையில், ஈரமாக, முளைவிட்ட குச்சிகள் மாதிரி நின்றது. நாளைக்கு ட்ரைபாடுடன் வருவோம் என்று கிளம்பிவிட்டேன். மறுநாள் அங்கே இருந்தது காப்பிப்பொடி நிறத்தில் தூள் உதிரும் தூரிகைக் கொத்து. லேசாக ஊதினாலே வித்துகள் (இனம் பரப்பும் நுண்ணிய தூள், ஸ்போர்) புகையாகப் பறந்தன. ஒரே நாளில் இவ்வளவு மாறும் உயிரை ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று எழுதிவைப்பது நியாயமே இல்லை. ஒரே கட்டைக்கு மழைக்காலம் முழுக்கப் போய் வாருங்கள். அந்த அளவுக்கு நேரம் ஒதுக்க முடியாதென்றால், பாசி, லைக்கன் (மரத்திலும் பாறையிலும் திட்டுத்திட்டாகப் படர்வது) மாதிரி இடம் மாறாமல் நிதானமாக வளர்பவை உங்களுக்குப் பொருந்தும்.

அப்புறம், முதல் படங்கள் மங்கலாக வந்ததும் ‘எனக்குக் கை வராது’ என்று விட்டுவிடுவது. ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவில், பொருள் சென்சாரில் நிஜ அளவிலேயே விழும்படி, அதாவது 1:1-க்கு, எடுக்கும்போது எஃப்/8-இல் (லென்ஸின் ஒளித்துளை அளவு) தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். உருண்டையின் முன்பக்கம் தெளிந்தால் காம்பு கலங்கும். துளையைச் சுருக்கிக்கொண்டே போனால் ஆழம் கூடும், ஆனால் சிறிய துளை வழியே வரும் ஒளி வளைந்து பரவுவதால் மொத்தப் படமும் மழுங்கும். குவியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக அடுக்குவதுதான் இதற்கு வழி. இது பழகிக்கொள்ளும் வேலை, திறமைக் குறைவு இல்லை. அந்த அடுக்கும் வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்; பாதி நேரம் கணினி முன்னால்தான் போகும்.

லைக் எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்கவே வேண்டாம். பறவைப் படத்துக்கு உடனே கை தட்டுவார்கள். இதற்கு ‘இது என்ன?’ என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆசை வருகிறதா என்று பாருங்கள். பெயர் தெரியாமல் தூக்கம் வராதவர்கள் ஒன்றை முன்பே தெரிந்துகொள்வது நல்லது: பல இனங்களை மைக்ரோஸ்கோப்பில் வித்துகளைப் பார்த்தால்தான் உறுதி செய்ய முடியும்.

சரி, கடைசியாக ஒன்று. நல்ல கோணம் வேண்டுமென்று பட்டையை உரிக்காதீர்கள். கட்டையைப் புரட்டினால் இருந்தபடியே திருப்பி வையுங்கள்; அடியில் ஈரத்தை நம்பி வாழும் உயிர்கள் நிறைய.