ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: பாவித்த சாமான் கடையில் எதை எடுப்பது, எதை விடுவது

வந்து இறங்கிய முதல் மாதத்திலேயே கையில் இருக்கிற காசு கரைந்துவிடும். பேஸ்மென்ற் வீட்டுக்கு முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் ஒன்றாகக் கட்ட வேண்டும். பிறகு கட்டில், சட்டி பானை, பிள்ளைகளுக்குக் குளிர் உடுப்பு. இதையெல்லாம் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்று கடன் அட்டையை நீட்டிவிடாதீர்கள். பாவித்த சாமான்களுக்கென்றே இங்கே பெரிய பெரிய கடைகள் இருக்கின்றன.

"ஆரோ போட்டுக் கழித்ததை நாங்கள் போடுவதா?" என்ற கூச்சம் எங்கள் ஆட்களிடம் நிறைய இருக்கிறது. எனக்கும் இருந்தது. முதல் நவம்பரில் 90 டொலர் கொடுத்துப் புது ஜக்கெற் ஒன்று வாங்கினேன். பார்க்க அழகாய் இருந்தது. ஜனவரியில் பஸ்ஸுக்கு நிற்கையில் காற்று அதற்குள்ளால் புகுந்து முதுகில் குத்தியது. மேல் வீட்டு மாமி ஒருநாள் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், 25 டொலருக்கு இறகு அடைத்த கோட் ஒன்றை எடுத்துத் தந்தார். ஏழு குளிர்காலம் அதைத்தான் போட்டேன். அந்தக் கடையில் உத்தியோகம் பார்க்கிறவர்களும் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் கூடை தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோதே என் கூச்சம் பாதி போய்விட்டது.

சரி, எங்கே போவது? வேல்யூ வில்லேஜ் ஆகப் பெரியது, சாமானும் நிறைய. 1954 இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய நிறுவனம் அது. தொண்டு அமைப்புகள் மூலம் வரும் சாமானுக்கு அவற்றுக்குப் பணம் கொடுக்கும். ஆனால் கடை நடப்பது லாபத்துக்கு. சில சாமான்களின் விலை புதியதின் விலைக்குக் கிட்டவே வந்து நிற்கும். எடுப்பதற்கு முன் போனில் புதியதின் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சால்வேஷன் ஆர்மி கடைகளில் சேரும் பணம் அவர்களுடைய தொண்டு வேலைக்கே போகிறது. மேசை, கதிரை, அலுமாரி, விளக்கு என்றால் ரீஸ்டோர். வீடு கட்டிக் கொடுக்கும் ஹபிட்டாட் ஃபோர் ஹியூமானிட்டி நடத்துகிற கடை அது; முதல் ரீஸ்டோர் 1991 இல் வின்னிபெக்கில்தான் திறந்தது. லாபத்துக்கு நடக்கிற கடைகளில் பாவித்த சாமானுக்கும் பெரும்பாலும் 13 வீத விற்பனை வரி உண்டு. அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

குளிர் உடுப்பைப் பொறுமையாகப் பார்த்து எடுங்கள். சிப்பை மேலிருந்து கீழ்வரை மூன்று தரம் இழுத்துப் பாருங்கள். இறகு அடைத்த கோட் என்றால் விரலால் அழுத்திவிடுங்கள். உடனே பொங்கி எழும்ப வேண்டும். கட்டி கட்டியாய் ஒதுங்கிக் கிடந்தால் விட்டுவிடுங்கள். அக்குளையும் கழுத்துப் பட்டியையும் மணந்து பாருங்கள். உள்ளே ஒரு கம்பளிச் சட்டை போட இடம் வேண்டும், அதனால் ஓர் அளவு பெரிதாக எடுங்கள். உடுத்திப் பார்க்கும் அறை சில கடைகளில் இல்லை. மெல்லிய உடுப்போடு போய்க் கண்ணாடிக்கு முன் நின்று மேலாலே போட்டுப் பார்க்கலாம். பனிச் சப்பாத்தில் அடியை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளின் சப்பாத்து ஒரு குளிர்காலத்துக்கு மேல் காணாது. அதைப் புதிதாக வாங்குவது வீண் செலவு.

வீட்டுக்குக் கொண்டுவந்த உடுப்பைப் பையிலிருந்து நேரே ட்ரையருக்குள் கொட்டி, உச்சச் சூட்டில் 30 நிமிடம் ஓடவிடுங்கள். மூட்டைப்பூச்சி இருந்தால் அந்தச் சூட்டில் செத்துவிடும். அலம்புவது பிறகு. வெறும் பையைக் கட்டி வெளியே எறிந்துவிடுங்கள்.

மெத்தையைப் பாவித்ததாய் வாங்கவே வேண்டாம். தெருவோரத்தில் கிடக்கிற சோபாவும் வேண்டாம். நான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து மூன்று மாதம் நித்திரை இல்லாமல் கிடந்தேன். மருந்து அடித்த செலவுக்குப் புது சோபாவே வாங்கியிருக்கலாம். பிள்ளைகளின் கார் இருக்கையில் மேப்பிள் இலை போட்ட தேசியப் பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். அது இல்லாமல் ஊரிலிருந்து கொண்டுவந்ததை இங்கே பாவிக்க முடியாது. காலாவதித் திகதியும் அதிலேயே பொறித்திருக்கும். விபத்தில் அடிபட்டதா என்று தெரியாத இருக்கையைச் சும்மா தந்தாலும் வாங்காதீர்கள். சில்லு வைத்த குழந்தை நடைவண்டியை 2004 இலிருந்து கனடாவில் விற்கவே கூடாது, பாவித்ததையும்தான். பக்கத்தை இறக்கி ஏற்றுகிற பழைய தொட்டிலுக்கும் 2016 முடிவில் தடை வந்துவிட்டது. சைக்கிள் தலைக்கவசம் ஒருதரம் அடி வாங்கினாலே பயனில்லை; அடி வாங்கியது வெளியே தெரியாது. மெத்தை, கார் இருக்கை, தொட்டில், தலைக்கவசம் இவை நான்கையும் புதிதாக வாங்குங்கள். மிச்சம் பிடித்த காசு இதற்குத்தான்.

நீளமான காற்சட்டையையும் சிப் போன கோட்டையும் ஸ்காபரோவில் சாறிச் சட்டை தைக்கிற எங்கள் ஆட்களிடமே கொடுக்கலாம். வேலை செய்யாத விளக்கையோ மின்விசிறியையோ ரிப்பேர் கஃபேக்குக் கொண்டு போங்கள். 2009 இல் அம்ஸ்டர்டாமில் தொடங்கிய வழக்கம் அது. ரொறன்ரோவிலும் தொண்டர்கள் பக்கத்தில் இருந்து, காசு வாங்காமல், திருத்தக் கற்றுத் தருகிறார்கள். ஊரிலிருந்து மிக்ஸி கொண்டுவந்தவர்களுக்கு ஒரு சொல்: இங்கே மின்சாரம் 120 வோல்ற், 230 இல் ஓடுகிறது அப்படியே ஓடாது.

இனி எனக்கு ஆக விருப்பமான சாமான். சமையல் சாமான் அடுக்கிய தட்டுகளில் கறுப்பாய், பாரமாய், துருப்பிடித்து ஒரு வார்ப்பிரும்புத் தட்டு கிடக்கும். இங்குள்ளவர்கள் அதில் பான்கேக் சுடுவார்கள். எங்களுக்கு அது தோசைக்கல். தட்டையான வட்டக் கல் கிடைத்தால் விடாதீர்கள், கண்ணாடி அடுப்பிலும் ஆடாமல் இருக்கும். விரல் மொழியால் தட்டிப் பாருங்கள். மணிபோல ஒலித்தால் நல்லது, மந்தமாய்ச் சத்தம் வந்தால் எங்கேயோ வெடிப்பு இருக்கும். துருவைப் பற்றி யோசிக்க வேண்டாம். வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து அரை மணித்தியாலம் ஊறவிட்டு, கம்பி நாரால் தேய்த்தால் கழன்றுவிடும். உடனே அடுப்பில் வைத்து ஈரத்தைக் காயவிடுங்கள். கனோலா எண்ணெயை மெல்லிசாகப் பூசி, மிச்சம் இல்லாமல் துடைத்து, ஓவனில் கவிழ்த்து 450 பாரன்ஹீற்றில் ஒரு மணித்தியாலம். இப்படி மூன்று தரம். புகை வரும். யன்னலைத் திறந்துவிடுங்கள், பேஸ்மென்றில் புகை அலாரம் கத்தினால் மேல் வீட்டார் பயந்துவிடுவார்கள்.

பிறகு அம்மா பழக்கின மாதிரித்தான்: வெங்காயத்தைப் பாதியாய் வெட்டி, எண்ணெயில் தொட்டுக் கல் முழுக்கத் தேய்த்து, மாவை ஊற்றுங்கள். முதல் மூன்று தோசை ஒட்டும், சுரண்டித்தான் எடுக்க வேண்டும். நாலாவது தானாகக் கழன்று வரும்.