தொய்ந்த பிரம்பு இருக்கை இறுகியது இப்படித்தான்

சண்டிகர் வீட்டில் பியர் ஜான்னரே வடிவமைத்த பழைய தேக்கு நாற்காலி ஒன்று இருக்கிறது. கவராயத்தை விரித்து வைத்தது போன்ற கால்கள், கை வைக்கச் சட்டம், பிரம்புப் பின்னல். சண்டிகரைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியரின் உறவினரான அவர் 1951 முதல் 1965 வரை இங்கேயே தங்கி, புது நகரின் அலுவலகங்களுக்கு இவற்றை வடிவமைத்தார். எவ்வளவு அழகாக வடிவமைத்திருக்கிறார் மனிதர்!

இருக்கைப் பின்னல் நடுவில் குழிந்துவிட்டது. திண்டு போட்டால் குழி மறைந்தது, சரியாகவில்லை. மேலே எண்ணெய் தடவினேன், பளபளத்தது, அவ்வளவுதான். ஈரத் துணியால் மேற்பக்கத்தைத் துடைத்தும் பயனில்லை. பின்னுபவரோ முழுதாக மாற்றச் சொன்னார்.

நாற்காலியைக் கவிழ்த்தபோதுதான் கவனித்தேன்: பிரம்பின் மேற்பக்கம் வழவழப்பான தோல், தண்ணீர் ஏறாது. அடிப்பக்கம் சொரசொரப்பு, உடனே உறிஞ்சுகிறது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை அடிப்பக்கத்தில் விரித்து, பிரம்பு நெகிழும் வரை விட்டேன். தேக்குச் சட்டத்தில் வழிந்ததை உடனுக்குடன் துடைத்தேன். பிறகு நிழலில், யாரும் உட்காராமல், இரவு முழுக்கக் காயவிட்டேன். காயும்போது பிரம்பு சுருங்கி இழுத்துக்கொண்டது. காலையில் தட்டினால் மத்தளம் மாதிரி! அப்பாடா.

இழை அறுந்திருந்தால் இது உதவாது, பின்னித்தான் ஆகவேண்டும். வெயிலில் காயவைக்காதீர்கள், பிரம்பு வெடிக்கும்.