லிமிட் ஹோல்டமில் டிரா கையை எப்போது ஏற்றி ஆடுவது

பந்தய அளவு முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்ட போக்கர் வகையான லிமிட் ஹோல்டமில், ஃப்ளாப் எனப்படும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள் விழுந்ததும், கையில் உள்ள இரண்டோடு சேர்த்து ஒரே இனத்தில் நான்கு சீட்டுகள் சேர்ந்துவிட்டால், ஐந்தாவது வரும்வரை அடக்கமாகக் கால் செய்துகொண்டிருப்பதே, அதாவது பிறர் கட்டிய அளவை மட்டும் போட்டுக்கொண்டிருப்பதே சரி என்று புதிதாக ஆட வருபவர்கள் நினைக்கிறார்கள். கொஞ்சம் பழகியவர்களோ, ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டுகள்) நிறைய ஒரு சீட்டே குறைகிற ஃப்ளஷ் டிரா என்றாலே யோசிக்காமல் ரெய்ஸ் செய்துவிடுகிறார்கள், அதாவது பந்தயத்தை ஏற்றிவிடுகிறார்கள். இரு சாராருமே தங்கள் கையை மட்டும் பார்க்கிறார்கள். ரெய்ஸ் செய்த பிறகும் எத்தனை பேர் பணம் போட்டுக்கொண்டு ஆட்டத்தில் இருப்பார்கள் என்பதுதான் முதலில் எண்ண வேண்டியது. நமக்கு உதவும் சீட்டுகளின் எண்ணிக்கை அதற்கு அடுத்ததுதான்.

கலிபோர்னியா சீட்டரங்குகளில் பரவலாக ஆடப்படும் 4/8 டாலர் மேஜையை எடுத்துக்கொள்வோம். ஃப்ளாப்புக்கு முன்னும் ஃப்ளாப்பிலும் பந்தயம் 4 டாலர். டர்ன் எனும் நான்காவது பொதுச் சீட்டிலும் ரிவர் எனும் ஐந்தாவது பொதுச் சீட்டிலும் 8 டாலர். ஒரு சுற்றில் பொதுவாக ஒரு பந்தயமும் மூன்று ரெய்ஸும்தான் அனுமதி. ஒரே பந்தயத்தில் எதிராளியை மிரட்டி விரட்டும் வழி இந்த ஆட்டத்தில் கிடையாது என்பதால், டிரா கையின் லாபம் பெரும்பாலும் பலர் சேர்ந்து பணம் போடுவதிலிருந்துதான் வருகிறது.

உங்கள் கையில் ஆர்ட்டின் ஏஸும் ஆர்ட்டின் 8-உம் இருக்கின்றன. டீலர் பட்டன் உங்களிடம், அதாவது கடைசியாகப் பேசும் இடம் உங்களுடையது. ஃப்ளாப்புக்கு முன் ஒரு ரெய்ஸுடன் ஐந்து பேர் உள்ளே வந்ததில் நடுவில் 40 டாலர் சேர்ந்திருக்கிறது. ஃப்ளாப்பில் ஆர்ட்டின் ராஜா, கிளாவர் 9, ஆர்ட்டின் 4 விழுகின்றன. முதல் ஆள் 4 டாலர் கட்டுகிறார், இருவர் கால் செய்கிறார்கள், ஒருவர் கையைக் கீழே போட்டுவிடுகிறார். இப்போது உங்கள் முறை. காணாத 47 சீட்டுகளில் ஒன்பது உங்களுக்கு ஃப்ளஷ் தரும். டர்ன், ரிவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அது விழும் வாய்ப்பு ஏறத்தாழ 35 சதவீதம். நீங்கள் 8 டாலராக ஏற்ற, மூவரும் ஆளுக்கு 4 டாலர் கூடப் போட்டால், உங்கள் கூடுதல் 4 டாலருடன் நடுவில் 16 டாலர் ஏறுகிறது. அதில் 35 சதவீதம் 5 டாலர் 60 சென்ட். எந்தக் கையையும் வெல்லும் நிலையில் இல்லாதபோதே, அந்த 4 டாலர் உங்களுக்கு 1 டாலர் 60 சென்ட் ஈட்டித் தருகிறது.

எதிரில் ஒரே ஒருவர் மட்டும் இருந்தால் அதே ரெய்ஸில் நடுவில் ஏறுவது 8 டாலர். உங்கள் பங்கு 2 டாலர் 80 சென்ட். நஷ்டம் 1 டாலர் 20 சென்ட். இருவர் இருந்தால் ஒரு டாலருக்கு 5 சென்ட் மிஞ்சும்; சீட்டரங்கு எடுத்துக்கொள்ளும் கட்டணத்தை நினைத்தால் அதை லாபம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே ஃப்ளஷ் டிராவுக்கு மூன்று பேர் என்பது நல்ல அளவுகோல். ஸ்ட்ரெயிட் (வரிசையான ஐந்து எண்கள்) நிறைய எந்த முனையிலும் ஒரு சீட்டு வந்தால் போதும் என்கிற, இரு பக்கமும் திறந்த ஸ்ட்ரெயிட் டிராவில் உதவும் சீட்டுகள் எட்டு, வாய்ப்பு ஏறத்தாழ 31.5 சதவீதம், அங்கும் மூவர் இருந்தால் ஏற்றலாம், ஆனால் லாபம் மெலிந்துவிடும்.

இதற்கு விலக்கான கை ஒன்று உண்டு. உங்களிடம் இஸ்பேட் ஜாக்கியும் இஸ்பேட் 10-உம், ஃப்ளாப்பில் இஸ்பேட் ராணி, இஸ்பேட் 9, டைமன் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது இஸ்பேட்டுகள் ஃப்ளஷ் தரும். ராஜாவும் எட்டுமாக எட்டுச் சீட்டுகள் ஸ்ட்ரெயிட் தரும். இரண்டிலும் வரும் இஸ்பேட் ராஜாவையும் இஸ்பேட் 8-ஐயும் ஒரு முறை கழித்தால் மொத்தம் பதினைந்து. வாய்ப்பு 54 சதவீதம். ஒரு ஜோடியை வைத்திருக்கும் ஒற்றை எதிராளிக்கு எதிராகக்கூட உங்கள் கைதான் முன்னால் நிற்கிறது. அவர் ஏற்றினால் நீங்களும் ஏற்றுங்கள். அவர் மூன்று ஒரே எண்ணை வைத்திருந்தால் மட்டும் உங்கள் வாய்ப்பு 40 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும்.

மேலே சொன்ன சதவீதங்கள் கை நிறையும் வாய்ப்பைத்தான் காட்டுகின்றன. நிறைந்த கை வெல்லும் என்பதற்கு அவை உத்தரவாதம் அல்ல. ஏஸ் உள்ள ஃப்ளஷ் டிராவும் 7-ஐத் தலையாகக் கொண்ட ஃப்ளஷ் டிராவும் கணக்கில் ஒன்றாகத் தெரிந்தாலும், ஐந்து பேர் மோதும் கையில் இரண்டாவது நிறைந்த பிறகு உங்களிடமிருந்தே அதிகப் பணம் பறிக்கும். ஃப்ளாப்பில் ஒரே இனத்தில் இரண்டு சீட்டுகள் கிடக்கும்போது உங்களுடையது ஸ்ட்ரெயிட் டிரா என்றால், எட்டில் இரண்டு சீட்டுகள் இன்னொருவருக்கு ஃப்ளஷ் தரக்கூடியவை. ஆறு என்றே எண்ணுங்கள். ஃப்ளாப்பிலேயே ஜோடி விழுந்திருந்தால் ஃப்ளஷை வெல்லும் ஃபுல் ஹவுஸ் (மூன்று ஒரே எண்ணும் ஒரு ஜோடியும்) ஏற்கெனவே யாரிடமாவது இருக்கலாம்; அங்கே நான் கால் செய்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பலரும் கோட்டைவிடுவது உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கவனிப்பதில்தான். பலர் பணம் போட வேண்டும் என்பதுதான் நம் தேவை என்றால், நம் ரெய்ஸ் அவர்கள் ஒரு பந்தயம் போட்ட பிறகு வர வேண்டும். போடுவதற்கு முன் வரக் கூடாது. 4 டாலர் போட்டவர் இன்னொரு 4 டாலரைத் தயங்காமல் போடுவார். ஒன்றும் போடாதவர் ஒரேயடியாக 8 டாலர் கேட்டால் எழுந்துவிடுவார். நீங்கள் முதலில் பேச வேண்டிய இடத்தில் இருந்து, கட்டக்கூடியவர் உங்களுக்கு நேர் இடப்பக்கத்தில் இருந்தால், செக் செய்துவிட்டு, அதாவது ஒன்றும் கட்டாமல் முறையைக் கடத்திவிட்டுக் காத்திருங்கள். அவர் கட்டுவார், மற்றவர்கள் வரிசையாகக் கால் செய்வார்கள், சுற்று உங்களிடம் திரும்பும்போது ஏற்றுங்கள். கட்டுபவர் கடைசி இடத்தில், அதாவது உங்கள் வலப்பக்கத்தில் இருந்தாலோ நிலைமை தலைகீழ். அவருக்குப் பின் பேசுவது நீங்கள்தான். நீங்கள் ஏற்றினால் நடுவில் உள்ள அத்தனை பேரும் இரட்டைப் பந்தயத்தைச் சந்திக்க நேரிடும். ஆரம்ப நாட்களில் நான் ஸ்மால் பிளைண்டில் (ஃப்ளாப்பில் முதலில் பேசும் இடம்) இருந்து இதைத்தான் செய்தேன்: ஏஸ் ஃப்ளஷ் டிராவுடன் செக்-ரெய்ஸ், மூன்று பேர் வெளியே, எதிரில் ஜோடி ராஜாவுடன் ஒருவர் மட்டும். கூட்டத்தை நானே கலைத்துவிட்டு, 35 சதவீதக் கையுடன் தனியே மாட்டிக்கொண்டேன்.

கடைசி இடத்தில் இருந்து ஏற்றுவதற்கு இன்னொரு பயனும் உண்டு. ஃப்ளாப்பில் 8 டாலராக ஏற்றியவரிடம் டர்னில் எல்லாரும் செக் செய்வது வழக்கம். ஃப்ளஷ் விழவில்லை என்றால் நீங்களும் செக் செய்து ரிவரை இலவசமாகப் பார்க்கலாம். மொத்தச் செலவு 8 டாலர். வெறுமனே கால் செய்திருந்தால் ஃப்ளாப்பில் 4, டர்னில் 8 என 12 டாலர் ஆகியிருக்கும். முதலில் கட்டியவர் திரும்ப ஏற்றிவிட்டால் இந்தச் சிக்கனம் பொய்த்துப்போகும். இன்று இது எல்லாருக்கும் தெரிந்த உத்தி என்பதால், அதற்காக மட்டும் ஏற்றுவதை நான் விட்டுவிட்டேன். மூன்று பேர் உள்ளே இருக்கும்போது கூடவே கிடைக்கும் பயனாக அதைக் கருதுகிறேன்.

டர்னில் கணக்கு சட்டென்று மாறிவிடுகிறது. வரவிருப்பது ஒரே சீட்டு. 46-இல் ஒன்பது என்றால் 19.6 சதவீதம். நால்வர் உங்களோடு சேர்ந்து பணம் போட்டாலும் நீங்கள் போடும் ஒவ்வொரு டாலருக்கும் திரும்புவது 98 சென்ட்தான். ஆகவே நடுவில் இருக்கும் பணம் போதுமானால் கால் செய்யுங்கள். லாபத்துக்காக ஏற்றும் வேலை ஃப்ளாப்போடு முடிந்தது.

டர்னில் கட்டுவதற்கு இருக்கும் ஒரே நல்ல காரணம் எதிராளி கையைப் போட்டுவிடலாம் என்பது. நடுவில் 40 டாலர், எதிரில் ஒருவர், அவர் செக் செய்துவிட்டார். நீங்களும் செக் செய்தால் உங்கள் பங்கு 7 டாலர் 83 சென்ட். 8 டாலர் கட்டி அவர் கால் செய்தால் உங்களுக்கு நிற்பது 3 டாலர் அளவு; அவர் விலகினால் 40 டாலரும் உங்களுக்கு. ரிவர் பந்தயத்தையும் அவர் திரும்ப ஏற்றக்கூடியதையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஏழு முறையில் ஒரு முறை அவர் விலகினாலே கட்டுவது மேல். ஆனால் எந்த ஜோடியையும் கீழே போடாத ஆள் ஒவ்வொரு 4/8 மேஜையிலும் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களிடம் இந்தக் கணக்கு செல்லாது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் செஃபியஸ் நிரல் 2015 ஜனவரியில் ஏறத்தாழத் தீர்த்துவைத்தது இருவர் மட்டும் ஆடும் லிமிட் ஹோல்டமைத்தான். ஐந்து பேர் மேஜையில் எதிரில் இருப்பவரின் முகத்தையும் பழக்கத்தையும் நாமேதான் படிக்க வேண்டும்.

ரிவரில் ஃப்ளஷ் விழாமல் போய், நடுவில் 72 டாலர் இருந்து, எதிரில் ஒருவர்தான் என்றால், 8 டாலர் கட்டிப் பார்ப்பதற்குப் பத்தில் ஒரு முறை அவர் விலகினால் போதும். இருவர் இருந்தால் இருவருமே விலக வேண்டும். அந்தக் கையில் நான் சீட்டைக் கவிழ்த்து டீலரிடம் தள்ளிவிடுவேன்.