எம்.எஸ். முடித்தபின் ஃபெல்லோஷிப்: இடம் தேடுவதும் கை பழகுவதும்

பொது அறுவையிலோ எலும்பு அறுவையிலோ எம்.எஸ். என்ற முதுநிலைப் பட்டம் முடித்து, அடுத்து ஒரு தனித்துறையில் கை பழக வேண்டும் என்று நினைப்பவர்கள், ‘ஃபெல்லோஷிப்’ என்ற ஒரே பெயரில் நம் நாட்டில் மூன்று வகைப் பயிற்சிகள் நடக்கின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் தகுதியும் ஒன்றுதான் என்று எண்ணிச் சேர்ந்து, இரண்டு ஆண்டுகள் கழித்து வருந்தியவர்கள் எங்கள் தலைமுறையில் சிலர் உண்டு.

முதல் வகை, தேசியத் தேர்வு வாரியத்தின் எஃப்.என்.பி. (ஃபெல்லோ ஆஃப் நேஷனல் போர்டு). இது 2 ஆண்டுப் பயிற்சி. இதற்கென்று தனி நுழைவுத்தேர்வு உண்டு. தரவரிசைப்படி கலந்தாய்வில் இடம் கிடைக்கும். முடிவில் வாரியமே தேர்வு நடத்திச் சான்றிதழ் தரும். முதுகுத்தண்டு அறுவை, கை மற்றும் நுண் அறுவை, மூட்டு மாற்று, விழித்திரை அறுவை, துளை வழி அறுவை போன்ற துறைகள் இதில் உள்ளன. எந்தத் துறைக்கு எந்தப் பட்டம் வேண்டும் என்பது மாறுபடும். எடுத்துக்காட்டாக, முதுகுத்தண்டு அறுவைக்கு எலும்பு அறுவையில் எம்.எஸ். முடித்தவரும் வரலாம், நரம்பியல் அறுவையில் எம்.சிஹெச். என்ற உயர்சிறப்புப் பட்டம் முடித்தவரும் வரலாம். ஆகவே அந்தந்த ஆண்டின் அறிவிப்பேட்டை முழுதாகப் படித்துவிட்டே பணம் கட்ட வேண்டும். இரண்டாம் வகை, மருத்துவமனைகளே தேர்வு வைத்தும் நேர்காணல் நடத்தியும் தருவது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஃபெல்லோஷிப்புகளும், வேலூர் சி.எம்.சி.யின் முதுமுனைவர் ஃபெல்லோஷிப்புகளும் இந்த வகையில் நெடுங்காலமாக மதிப்புப் பெற்றவை. மூன்றாம் வகை, துறைச் சங்கங்கள் சில நாள் வகுப்பும் தேர்வும் நடத்தித் தருவது. லாப்ராஸ்கோப்பி என்ற துளை வழி அறுவைக்கு ‘அமாசி’ என்ற அறுவை மருத்துவர் சங்கம் தரும் எஃப்.எம்.ஏ.எஸ். சான்றிதழ் இத்தகையது. அடிப்படையைச் சீராகக் கற்க அது உதவும். ஆனால் நோயாளியின் மீது கை பழகும் இரண்டாண்டுப் பயிற்சிக்கு ஈடாகாது.

இந்த மூன்றுமே எம்.சிஹெச். அல்ல. மருத்துவக் கல்லூரியின் உயர்சிறப்புத் துறையில் ஆசிரியராக வேண்டும் என்பவர் நீட் எஸ்.எஸ். என்ற உயர்சிறப்பு நுழைவுத்தேர்வை எழுதி 3 ஆண்டுப் படிப்புக்குத்தான் போக வேண்டும். ஃபெல்லோஷிப் தருவது கைத்திறன். அதைக் கொண்டு பதவிக்கு வழி தேடக் கூடாது.

வகை தெளிவான பின் இடத்தைத் தேர்ந்தெடுப்பதே பெரிய வேலை. பெரும்பாலோர் மருத்துவமனையின் பெயரையும் தலைமை மருத்துவரின் புகழையும் பார்க்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் ஓரிடத்தில் சேர்ந்தேன். அங்கே அறுவைகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து பங்கேற்ற அறுவைகளைக் குறித்துவைக்கும் என் லாக்புக்கைக் கூட்டிப் பார்த்தபோது, நூற்றுச்சொச்சம் அறுவைகளில் நானே செய்தவை நான்கு, மற்றவற்றிலெல்லாம் வெட்டிய இடத்தை விரித்துப் பிடிக்கும் ரிட்ராக்டரைத்தான் பிடித்திருந்தேன். அங்கிருந்து விலகி வந்ததில் ஓர் ஆண்டு வீணாயிற்று. ஆகவே, விண்ணப்பிக்கும் முன் அந்த இடத்தில் பயிற்சி முடித்து வெளியேறும் ஃபெல்லோ ஒருவரைத் தேடிப் பிடித்து, அவருடைய லாக்புக்கைக் காட்டும்படி கேளுங்கள். நோயாளியின் பெயர்ப் பகுதியை மறைத்துவிட்டுக் காட்ட யாரும் தயங்கமாட்டார்கள். மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, ‘மேற்பார்வையில் செய்தது’, ‘தனியாகச் செய்தது’ என்ற இரண்டு பத்திகளை மட்டும் மாதவாரியாகப் பாருங்கள். பதினைந்தாம் மாதத்திலும் அந்த எண்கள் ஏறவில்லை என்றால், வேறு விசாரணை தேவையில்லை.

முடிந்தால் ஒரு வாரம் பார்வையாளராகப் போய் இருந்து வாருங்கள். பகலில் நடக்கும் திட்டமிட்ட அறுவைகளைவிட இரவைக் கவனிப்பது பயன் தரும். துண்டான விரலோடு தொழிலாளி ஒருவர் இரவு இரண்டு மணிக்கு வரும்போது நுண்ணோக்கி முன் உட்காருவது யார், ஃபெல்லோ தடுமாறும்போது கன்சல்டன்ட் (பொறுப்பான மூத்த மருத்துவர்) அருகில் இருக்கிறாரா, தொலைபேசியில்தான் இருக்கிறாரா என்பதை ஓரிரவிலேயே தெரிந்துகொள்ளலாம். யாருமில்லாமல் தனியே விடுவதும் பயிற்சியாகாது.

நுழைவுத்தேர்வு முடிந்து சேர்வதற்கு இடையில் கிடைக்கும் வாரங்களை வீணாக்க வேண்டாம். கை அறுவைக்குப் போகிறவர் என்றால், கறிக்கடையில் கோழித் தொடை வாங்கி வந்து, அதில் எலும்பை ஒட்டி ஓடும் தமனியைப் பிரித்தெடுத்துத் தைத்துப் பழகலாம். அதற்கு முன் சில நாள் கையுறைத் துண்டிலும், பிறகு மெல்லிய சிலிக்கான் குழாயிலும் தையல் போடுவது நல்லது. இதற்குப் பயன்படும் ‘பத்து-பூஜ்யம்’ என்ற அளவுள்ள நைலான் இழை தலைமுடியில் பாதிப் பருமன்கூட இராது. பெருமூச்சு விட்டாலே பறக்கும். முன்கை முழுவதும் மேசையில் படிந்திருந்தால்தான் விரல் நடுக்கம் அடங்கும். இரத்தக் குழாயின் உட்சுவரை இடுக்கியால் ஒருபோதும் பிடிக்காமல், வெளியுறையை மட்டும் தொட்டுத் தூக்கப் பழகுங்கள். உட்சுவரில் பட்ட காயத்தில்தான் பின்னர் இரத்தம் உறையும். தைத்து முடித்ததும் ஊசியால் நீர் செலுத்திப் பார்த்துவிட்டு, குழாயை நெடுக்காக வெட்டித் திறந்து உள்ளே பாருங்கள். வெளியில் அழகாகத் தெரிந்த தையலில் எதிர்ச்சுவரும் சேர்ந்து மாட்டியிருப்பதை அப்போதுதான் காண்பீர்கள். எனக்கு முதல் பத்துத் தொடைகளில் ஏழு அப்படித்தான் ஆயின. வீட்டில் தினமும் கோழிக் குழம்பு என்பதால் புகார் எழவில்லை.

பரிந்துரைக் கடிதத்தை உங்கள் கையை அறுவை அரங்கில் பார்த்தவரிடம் வாங்குங்கள். பெரிய பதவியில் இருந்து உங்கள் பெயரை மட்டும் அறிந்தவரிடம் வாங்கும் கடிதம் நான்கு வரியைத் தாண்டாது. நேர்காணலில் உங்களால் நேர்ந்த சிக்கல் ஒன்றைக் கேட்பார்கள். மழுப்பாமல், எப்போது அதைக் கண்டுபிடித்தீர்கள், அடுத்து என்ன செய்தீர்கள் என்று வரிசையாகச் சொல்வதே போதும். உதவித்தொகை, தங்குமிடம், பயிற்சிக்குப் பின் அங்கேயே பணியாற்ற வேண்டும் என்ற பாண்டு (ஒப்பந்தம்), இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை ஆகியவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அரசுப் பணியில் இருப்பவர் துறையின் தடையின்மைச் சான்றை முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். கோப்பு நகரும் வேகம் எல்லோரும் அறிந்ததே.

சேர்ந்த பிறகு, வாரத்தில் அரை நாளாவது இயன்முறை சிகிச்சைப் பிரிவில் உட்காருங்கள். கைக்கு அறுவை என்பது பாதி வேலைதான். 1940களின் இறுதியில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திய பால் பிராண்ட், அந்தக் கை மறுபடி வேலைக்குப் பழகுவதிலும் அதே அக்கறை காட்டினார். நாம் இணைத்த தசைநாண் மூன்றாம் மாதத்தில் எவ்வளவு மடங்குகிறது என்று கண்ணால் பார்த்தால்தான் அடுத்த தையல் மாறும்.

லாக்புக்கை அன்றன்றிரவே எழுதி, மாதம் முடிந்ததும் தலைமை மருத்துவரின் கையொப்பத்தை வாங்கிவிடுங்கள். கடைசி மாதத்தில் மொத்தமாக வாங்கலாம் என்று விட்டுவைத்தால், அதற்குள் அவர் வேறு மருத்துவமனைக்கு மாறியிருப்பார், நீங்கள் அறுபது பக்கங்களைத் தூக்கிக்கொண்டு அவருடைய புது ஊரின் வெளிநோயாளிப் பிரிவில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பீர்கள்.