வைப்பர் ஆடினால் ஆஸ்திரேலியர்: அமெரிக்காவில் கார் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிட்னியில் காலை பத்து, பதினொரு மணிக்கு விமானம் ஏறினால் லாஸ் ஏஞ்சல்ஸில் அதே நாள் விடியற்காலையில் இறங்கலாம். ஏறிய நேரத்துக்கு முன்பே இறங்கிவிட்ட வேடிக்கை, சர்வதேசத் தேதிக்கோட்டின் கைங்கரியம். ஒரு நாள் சும்மா கிடைத்த மகிழ்ச்சியில் பலரும் நேராக வாடகைக் கார் நிறுவனத்துக்குப் போய்ச் சாவியை வாங்கி, 405ஆம் எண் ஃப்ரீவேயில் ஏறிவிடுகிறார்கள். கடிகாரம் காலை ஏழு என்றாலும் உடம்புக்கு அது சிட்னியின் நடுச்சாமம். எதிரே காலை நேர நெரிசல். வாழ்நாள் முழுக்க இடப்பக்கம் ஓட்டிய கை. நானும் முதல் பயணத்தில் இதைத்தான் செய்தேன். இன்றைக்கு யாராவது கேட்டால், முதல் இரவு விமான நிலையத்துக்கு அருகிலேயே தங்கிவிட்டு மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் காரை எடுங்கள் என்பேன். ஒரு நாள் வாடகையும் மிச்சம்.

ஆஸ்திரேலியர்களான எங்களுக்கெல்லாம் பயம் வலப்பக்கம் ஓட்டுவதில்தான். மாதக்கணக்கில் அதையே பேசிக்கொண்டிருப்போம். அந்தப் பயமே சாலையில் எங்களைக் காப்பாற்றிவிடுகிறது. பணம் போவதும் மானம் போவதும் பெரும்பாலும் நாங்கள் பயப்படாத இடங்களில்.

கார் எடுக்கும் முன்பே செய்யும் தவறு

காப்பீட்டிலிருந்து தொடங்குகிறேன். சாலையில் நடக்கும் எந்தத் தவறையும் விட விலை உயர்ந்தது இதுதான்.

ஆஸ்திரேலியாவில் பதிவு செய்த எந்த வண்டிக்கும், பிறருக்குக் காயம் ஏற்பட்டால் ஈடு கொடுக்கும் கட்டாயக் காப்பீடு இருக்கும். நியூ சவுத் வேல்ஸில் அதற்குப் பச்சைச் சீட்டு என்று பெயர். வாடகைக்கு எடுக்கும் காருக்கும் அது உண்டு என்பதால், நாங்கள் அதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. எங்கள் கவலையெல்லாம் எக்ஸஸ் மட்டும்தான்: காரில் கீறல் விழுந்தால் முதல் சில ஆயிரம் டாலரை யார் கட்டுவது? அதைப் பயணக் காப்பீடோ கிரெடிட் கார்டோ பார்த்துக்கொள்ளும் என்ற தைரியத்தில் அமெரிக்கக் கவுன்ட்டரிலும் போய் நின்று, எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று தலையாட்டுகிறோம்.

அங்கே கணக்கே வேறு. கார் சேதமானால் உங்களிடம் பணம் கேட்க மாட்டோம் என்று நிறுவனம் தரும் சேதப் பொறுப்பு விலக்கை வேண்டாம் என்றால் உங்கள் தலையில் விழுவது காரின் முழு மதிப்பு. அது பட்டறையில் நிற்கும் நாட்களுக்கான வாடகையையும் சேர்த்துக் கேட்கலாம். பயணக் காப்பீட்டின் எக்ஸஸ் பிரிவுக்கு ஒரு உச்சவரம்பு இருக்கும். முழு காரை அது தாங்காது. இதைவிடப் பெரிய ஓட்டை, நீங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் காயத்துக்கான பொறுப்பு. கலிஃபோர்னியா சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் காப்பீடு 2024 முடியும்வரை ஒரு நபருக்கு வெறும் 15,000 டாலராக இருந்தது. 2025 ஜனவரி முதல் அதை 30,000 ஆக்கியிருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவமனையில் எலும்பு முறிவோடு ஒருவர் சில நாட்கள் படுத்தால் அந்தத் தொகை எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். மீதிக்கு அவருடைய வக்கீல் உங்களைத் தேடுவார்.

இதற்கு வழி, அதே வாடகை நிறுவனத்தின் ஆஸ்திரேலியப் பக்கத்தில், வசிக்கும் நாடு ஆஸ்திரேலியா என்று குறிப்பிட்டுப் பதிவு செய்வது. வெளிநாட்டவருக்கான அந்தக் கட்டணத்தில் சேத விலக்கும் கூடுதல் பொறுப்புக் காப்பீடும் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். அமெரிக்கப் பக்கத்தில் போட்டால் நாள் வாடகை பாதியாகத் தெரியலாம். அது உள்ளூரில் சொந்தக் கார், சொந்தக் காப்பீடு வைத்திருப்பவருக்கான விலை. பணம் கட்டுவதற்கு முன் இரண்டும் சேர்ந்திருக்கின்றனவா என்று வரி வரியாகப் படித்து, அந்தப் பக்கத்தைத் தாளில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

அச்சிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கவுன்ட்டரில் இருந்தவர் என்னிடம் ஒரு சின்னத் திரையை நீட்டி, இங்கே, இங்கே, இங்கே கையெழுத்து என்றார். பதினான்கு மணி நேரம் பறந்துவந்த கண்ணுக்கு அந்தத் திரையில் ஒன்றும் தெரியவில்லை. சாலையோர உதவிக்கும், முன்கூட்டியே வாங்கிய ஒரு டேங்க் பெட்ரோலுக்கும் சம்மதித்திருக்கிறேன் என்பது வீடு திரும்பிக் கார்டு கணக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. காரைத் திருப்பிக் கொடுக்கையில் டேங்க் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. அவர் பொய் சொல்லவில்லை, நான் படிக்கவில்லை. தாள் கையில் இருந்தால், இதில் இருப்பதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். ஆஸ்திரேலியர்கள் பலர் டெபிட் கார்டிலேயே குடும்பம் நடத்துபவர்கள்; அமெரிக்கக் கவுன்ட்டரில் அதற்கு நூறு நிபந்தனை. ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும், முன்பணமாகப் பிடித்து வைக்க அதில் இடமும் இருக்க வேண்டும். இரண்டாவது, உரிமம். சிட்னியில் தொலைபேசியில் காட்டினாலே செல்லும் என்பதால், பிளாஸ்டிக் அட்டையை வீட்டு மேசையில் விட்டுவிட்டுப் பறக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அட்டை இல்லாமல் சாவி கிடைக்காது. சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டு எங்கள் உரிமம் ஆங்கிலத்திலேயே இருப்பதால் கலிஃபோர்னியாவில் கட்டாயமில்லை. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் மனம் மாறும் நாடு அது: 2013இல் ஃப்ளோரிடா திடீரென்று அதைக் கட்டாயமாக்கிவிட்டு, அமளி எழுந்ததும் சில மாதங்களிலேயே பின்வாங்கியது. மோட்டார் சங்கத்தில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் பாரமில்லை. அது உரிமத்தின் மொழிபெயர்ப்புதான், உரிமத்துக்கு மாற்று இல்லை.

வலப்பக்கம்

முதல் நாள் மூன்று முறை தவறான கதவைத் திறப்பீர்கள். இண்டிகேட்டர் போட நினைத்து வைப்பரை ஆட்டுவீர்கள். எங்கள் கார்களில் இண்டிகேட்டர் பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம், அங்கே இடப்பக்கம். வெயில் கொளுத்தும் பாலைவனத்தில் வைப்பர் ஆடிக்கொண்டே ஒரு கார் திரும்பினால் உள்ளே இருப்பவர் எங்கள் ஊர்க்காரர்.

இதில் ஆபத்து ஒன்றுமில்லை. நெரிசலிலும் ஆபத்து குறைவு, முன்னால் போகிறவரைப் பின்பற்றினால் போதும். ஆபத்து ஆளே இல்லாத இடத்தில் இருக்கிறது. பெட்ரோல் நிலையத்திலிருந்து, விடுதி வாசலிலிருந்து, காலை ஆறு மணிக்குக் காலியான சாலையில் இடது பக்கம் திரும்புகையில், பழகிய கை தானாகவே காரை இடது ஓரத்துக்குக் கொண்டுபோய்விடும். நெவாடாவில் ஒரு சிற்றூரில் நான் அப்படித் திரும்பி, பாடலுக்குத் தாளம் போட்டுக்கொண்டே ஐம்பது மீட்டர் போயிருப்பேன். "என்னங்க, மஞ்சள் கோடு!" என்று பக்கத்திலிருந்து மனைவி கத்தினாள்.

அந்த மஞ்சள் கோட்டை அவள் முந்தைய நாளே கவனித்து வைத்திருந்தாள். ஆஸ்திரேலியாவில் நடுக்கோடு வெள்ளை. அமெரிக்காவில் எதிரெதிர்த் திசைகளைப் பிரிக்கும் கோடு மஞ்சள், ஒரே திசையில் போகும் தடங்களைப் பிரிப்பது வெள்ளை. ஓட்டுபவரின் தோளுக்குப் பக்கத்தில், அதாவது இடப்புறம், மஞ்சள் இருந்தால் சரியான பக்கத்தில் இருக்கிறீர்கள். நகரங்களில் சாலை நடுவே இருபுறமும் மஞ்சள் கோடு போட்ட ஒரு தனித்தடம் ஓடும். எந்தத் திசையிலிருந்து வந்தாலும் இடது பக்கம் திரும்பக் காத்திருப்பதற்கான இடம் அது. முந்திப் போக அதில் ஏறாதீர்கள்.

இன்னொன்றைப் பக்கத்தில் இருப்பவர்தான் உணர்வார். இடது இருக்கையில் உட்கார்ந்ததும், பழைய கணிப்பில் கார் வலது ஓரம் நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். ஓரத்தில் நிற்கும் கார்களின் கண்ணாடிகள் தப்புவது அவர் போடும் கூச்சலால்தான்.

நின்றாலும் தப்பு, நிற்காவிட்டாலும் தப்பு

சிவப்பு விளக்கில் முழுமையாக நின்றுவிட்டு, ஆளும் வண்டியும் இல்லையென்றால் வலப்பக்கம் திரும்பலாம் என்பது அமெரிக்காவில் பொது விதி. நாங்கள் நல்ல பிள்ளைகளாகப் பச்சைக்குக் காத்திருப்போம், பின்னால் ஹாரன் முழங்கும். பழகியதும் எல்லா இடத்திலும் திரும்ப ஆரம்பிப்போம், அதுவும் தவறு. கூடாது என்று பலகை இருக்கலாம். கலிஃபோர்னியாவில் சிவப்பு அம்புக்குறி எரிந்தால் கூடாது. நியூயார்க் நகரத்திலோ அனுமதிக்கும் பலகை இருந்தால் மட்டுமே திரும்பலாம்.

நாற்சந்தியில் நான்கு பக்கமும் நிறுத்தப் பலகை வைத்திருப்பார்கள். முதலில் வந்து நின்றவர் முதலில் போக வேண்டும். ஒரே நேரத்தில் வந்தால் வலப்பக்கம் இருப்பவருக்கு முதல் உரிமை. ரவுண்டானாவில் வளர்ந்த எங்களுக்கு வேகத்தைக் குறைத்து உருண்டு போகும் பழக்கம் உண்டு. அங்கே சக்கரம் உண்மையிலேயே நிற்க வேண்டும். இந்த ஏற்பாட்டைப் பார்த்துச் சிரிக்கும் மெல்பர்ன்காரர்களுக்கு ஒரு வார்த்தை: வலப்பக்கம் திரும்ப இடது ஓரத்தில் போய் நிற்கும் ஊரிலிருந்து வந்துகொண்டு யாரையும் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

பள்ளிப் பேருந்து மட்டும் விளையாட்டில்லை. நியூ சவுத் வேல்ஸில் விளக்கு மினுக்கும் பேருந்தைத் தாண்ட 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறைத்தால் போதும். அமெரிக்காவில் மஞ்சள் பேருந்து சிவப்பு விளக்கை மினுக்கி நிறுத்தப் பலகையை நீட்டினால், பின்னால் வருபவரும் எதிரே வருபவரும் நிற்க வேண்டும். நடுத்திட்டு உள்ள சாலைகளில் எதிர்ப்பக்கத்துக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு. சந்தேகமிருந்தால் நின்றுவிடுங்கள்.

பெட்ரோல் நிலையத்தில்

எங்கள் ஊரில் நிரப்பிவிட்டு உள்ளே போய்ப் பணம் கட்டுவோம். அங்கே பணம் முதலில். கார்டைச் செருகினால் இயந்திரம் ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டைக் கேட்கும். எங்களுடையது நான்கு இலக்கம். வரிசையில் நிற்பவர்கள் முறைக்க முறைக்க அதோடு மல்லுக்கட்டாமல், நேராக உள்ளே போய்ப் பம்பு எண்ணைச் சொல்லி நாற்பது டாலர் கொடுங்கள். குறைவாகப் பிடித்தால் மீதி திரும்பி வரும். நியூ ஜெர்சியில் நீங்களே நிரப்புவது சட்டப்படி கூடாது, காரிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

பம்பில் 87, 89, 91 என்று எண்கள் இருக்கும். எங்கள் ஊரில் சாதாரணப் பெட்ரோல் 91 என்பதால் கை தானாக 91ஐ அழுத்தும். இரு நாடுகளும் ஆக்டேன் எண்ணைக் கணக்கிடும் முறை வேறு. அவர்களுடைய 87தான் ஏறக்குறைய எங்கள் 91. அவர்களுடைய 91 உயர்ரகம், விலையும் உயரம். இரண்டு வாரம் அந்த வாடகைக் காருக்கு ராஜ உபசாரம் செய்திருக்கிறேன்.

எங்கள் கோடை, அவர்கள் குளிர்காலம்

டிசம்பர், ஜனவரி பள்ளி விடுமுறையில்தான் ஆஸ்திரேலியக் குடும்பங்கள் கிளம்பும். வரைபடத்தைப் பார்த்தால் யோசெமிட்டி தேசியப் பூங்காவிலிருந்து மலையைத் தாண்டினால் மறுபுறம் மோனோ ஏரி, அப்படியே தெற்கே இறங்கினால் மரணப் பள்ளத்தாக்கு, பிறகு லாஸ் வேகாஸ். அழகான திட்டம். ஆனால் நடுவில் இருக்கும் டியோகா கணவாய் ஏறத்தாழ 3,030 மீட்டர் உயரம். வழக்கமாக நவம்பரில் பனியால் மூடினால் மே கடைசியோ ஜூனோதான் திறக்கும். அந்த மலையைச் சுற்றிப் போக ஒரு முழு நாள் வேண்டும். முன்பணம் கட்டிய விடுதி அறை மறுபுறம் காத்திருக்கும்.

பனிச் சங்கிலியும் ஒரு சிக்கல். சியெரா மலைச் சாலைகளில் கட்டுப்பாடு அமலில் இருந்தால் சங்கிலியைக் கையோடு வைத்திருக்கச் சட்டம் சொல்லும். அதை டயரில் மாட்டக் கூடாது என்று பல வாடகை ஒப்பந்தங்கள் சொல்லும். பனியில் ஓட்டிப் பழகாத நான் இதில் வீரம் காட்டத் தயாராக இல்லை. மெர்செட் ஊரில் காரை விட்டுவிட்டு, அங்கிருந்து ஆண்டு முழுவதும் 140ஆம் எண் சாலை வழியாக ஓடும் பஸ்ஸில் யோசெமிட்டிக்குப் போவது உத்தமம்.

தூரத்தைப் பற்றி எங்களுக்கு ஒரு கர்வம் உண்டு. ஆஸ்திரேலியாவின் நல்லார்போர் சமவெளியில் 146 கிலோமீட்டர் வளைவே இல்லாத சாலையை ஓட்டியவர்களுக்கு லாஸ் வேகாஸிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் என்ன, 430 கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் 15ஆம் எண் ஃப்ரீவேயில் மொத்த லாஸ் ஏஞ்சல்ஸும் வீடு திரும்பிக்கொண்டிருக்கும். தொலைபேசி வரைபடத்தை மைலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கிலோமீட்டரில் வைத்தால் அது சொல்வதும் பலகை சொல்வதும் ஒத்துவராது. வெளியேறும் வழிகளின் எண்களே பெரும்பாலும் மைல் கணக்கில்தான்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் காருக்குள் ஒரு பை கூடக் கண்ணில் படும்படி விடாதீர்கள், கண்ணாடியை உடைப்பார்கள். சரிவில் நிறுத்தும்போது, இறக்கம் பார்த்து நின்றால் முன் சக்கரத்தை நடைபாதை விளிம்பை நோக்கியும், ஏற்றம் பார்த்து நின்றால் விளிம்புக்கு எதிர்ப்பக்கமாகவும் திருப்பி வைக்காவிட்டால் அபராதம். கோல்டன் கேட் பாலத்தில் 2013 முதல் ரொக்கம் வாங்குவதில்லை, நிறுத்தி வாங்க அங்கே ஆளும் இல்லை. வடக்கிலிருந்து நகருக்குள் வரும்போதுதான் கட்டணம். காரின் எண்ணைக் கொடுத்து இணையத்தில் முன்கூட்டியோ, கடந்தபின் 48 மணி நேரத்துக்குள்ளோ கட்டிவிடலாம். நான் மறந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, சிட்னியில் கார்டு கணக்கில் அது வந்து சேர்ந்தது. பாலக் கட்டணம் ஒன்று, அதைக் கட்டிக் கொடுத்ததற்காக வாடகை நிறுவனம் போட்ட நிர்வாகக் கட்டணம் இன்னொன்று. இரண்டாவதுதான் பெரியது.